கால் பிடிப்பவள்

ஜெலுத்தோங் சாலையில்
டயர் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே
எங்கள் கிளினிக்.
ஏழு வருஷமாக அங்கே என் வேலை
கால்களைப் பிடிப்பது.

நீல பிளாஸ்டிக் பலகை,
பிள்ளையின் அளவுக்குக் குழித்தது.
நான்கு ஒட்டுப்பட்டைகள்.
பட்டை பிரியும் பர்ர் சத்தம்
பசார் மாலாம் செருப்புக் கடையில் கேட்டாலும்
என் கை தானாக
ஒரு சின்ன முழங்காலைத் தேடும்.

காலைப் பிடித்தாள் என்றால்
கெஞ்சினாள் என்று பொருள் நம் பேச்சில்.
இங்கே பிடிப்பவள் கெஞ்சுவதில்லை.
பிடிபட்டவன்தான்.

விரலுறை நுனியில் சர்க்கரைத் தண்ணீர்.
மரத்துப்போக ஓர் ஊசி.
மரத்ததா என்று கேட்டால் சொல்ல
எட்டு நாள் வயதுக்கு வார்த்தை ஏது.
ஒரு கட்டத்தில் அழுகை நின்றுபோகும்,
கண் திறந்தபடியே
மேல் விளக்கில் நிலைத்து.
"தூங்கிட்டான் பாரு" என்பார் டாக்டர்.
வெளியே காத்திருக்கும் தகப்பனிடம்
நானும் அதையே சொல்வேன்.
"தூங்கிட்டான் சார்."
ஏழு வருஷம் சொன்னேன்.

எல்லாரும் மார்க்கத்துக்காக வருவதில்லை.
கொண்டோ வீட்டுக்காரர் ஒருவர்
"சுத்தம்தானே மிஸ்ஸி" என்றார்.
காதுக்குப் பின்னாலும் அழுக்குச் சேரும்,
சோப்பு போட்டுத்தானே கழுவுகிறோம்.
தடுப்பூசிக் கட்டணத்தோடு சேர்த்தால்
தள்ளுபடி உண்டாமே என்றார் இன்னொருவர்,
விட்டால் நஷ்டம் என்கிற குரலில்.

மார்ச்சில் ஒரு வெள்ளி, ஜும்மா முடிந்து
பினாங்கு ரோட்டில் பணமாற்றுக் கடை வைத்திருக்கும்
மீராசா வந்தார்,
தோளில் மகன்.
பெயர் எழுதினார். ஐசி எண் எழுதினார்.
கையெழுத்துக் கோட்டில் பேனா நின்றது.

"எனக்கு ஒம்பது வயசு மிஸ்ஸி, பள்ளி லீவு.
காலையிலேயே தெரிஞ்சுபோச்சு, ஓடிட்டேன்,
வெல்ட் கீ படகுத்துறை வரைக்கும்.
மாமாதான் பிடிச்சு இழுத்துட்டு வந்தாரு.
அப்புறம் கைக்கடிகாரம் கொடுத்தாங்க.
இவனுக்கு ஓடக் காலில்லையே."

கால் இருக்கிறது.
அது என் கையில் இருக்கும்.
நான் சொல்லவில்லை.

"மார்க்கத்தை விடல" என்றார்,
அங்கே இல்லாத யாருக்கோ பதில்போல.
"வளரட்டும். கேப்பேன். அவனா நடந்து வரட்டும்.
வராட்டி அது அவனுக்கும் அல்லாவுக்கும்."
முன்பணம் ஐம்பது ரிங்கிட் திரும்பாது என்றேன்.
பணமாற்றுக்காரர் சிரித்தார்.
"நல்ல ரேட்டு."

அன்று கடை அடைக்கும் நேரம்
டாக்டர் ஞானசீலனிடம் சொன்னேன்.
நோய் என்றால் கூப்பிடுங்கள், பிடிக்கிறேன்.
நோயில்லாதவனை இனிப் பிடிக்க மாட்டேன்.
அவர் கணினியை விட்டுத் தலை தூக்கவில்லை.
"உம் மகளுக்குக் காது குத்தலியா, பவளக்கொடி?"

குத்தினேன்.
பதினோராம் மாதம், தண்ணீர்மலையில், மாமன் மடியில்.
அலறினாள்.
வாழைப்பழம் ஊட்டிவிட்டுப்
போட்டோ எடுத்துக்கொண்டோம்.
பதினாறு வயதில் கம்மலைக் கழற்றி
சோப்புப் பெட்டிக்குள் போட்டாள்,
காரணம் சொல்லவில்லை.
துளை தூர்ந்துவிட்டது. தடவினால்
ஒரு கடுகு நெருடும், அவ்வளவுதான்.
அதற்கே அவளிடம் நான்
ஒரு வார்த்தை பாக்கி வைத்திருக்கிறேன்.

இது தூராது டாக்டர்.

இப்போது எடை பார்க்கும் மேசையில் இருக்கிறேன்.
சம்பளத்தில் எண்பது ரிங்கிட் குறைவு.
பலகைக்கு நிபோங் திபாலிலிருந்து
புதுப் பெண் வந்திருக்கிறாள், நல்லவள்,
மதியம் சாப்பிடுவதில்லை.
கதவு மூடியிருந்தாலும்
பர்ர் என்பது கேட்கும்.

எடைத்தட்டில் இன்றைக்கு ஒருவன்,
மூன்று கிலோவும் ஏதோவும்.
உதைத்துக்கொண்டே இருக்கிறான்,
எண் நிற்க மாட்டேன் என்கிறது.
காலைப் பிடித்தால் நின்றுவிடும்.

வெளியே வரிசை நீள்கிறது.
உதைத்து முடிக்கட்டும்.